விடுபடாத பொத்தான்

காலை பதினோரு மணிக்கு என் அலைவரிசையை ஒரு விமானியின் மாமனார் அடைத்துக்கொண்டார்.

"வந்து மூணு வாரமாச்சு. சோபாவ விட்டு அசையற பாடில்ல. ரிமோட்டும் அவரு கைலதான்" என்றது ஒரு குரல். இன்னொரு குரல் சிரித்தது.

ஏதோ ஒரு விமானத்தில் பேசும் பொத்தான் அழுந்திச் சிக்கியிருக்கிறது. அது விடுபடும்வரை அந்த அலைவரிசையில் நான் தொண்டை கிழியக் கத்தினாலும் யாருக்கும் கேட்காது. விமானங்களுக்கு வழி சொல்லும் என் ராடார் திரையில் ஒன்பது விமானங்கள். அவசர அலைவரிசையில் கூப்பிட்டேன். ஏழு பேர் உடனே பதில் சொன்னார்கள். மீதி இரண்டும் ஒரே உயரத்தில், ஒரே இடத்தை நோக்கி வந்துகொண்டிருந்தன. ஆறு நிமிடத்தில் சந்தித்துவிடும்.

ஒன்று சிறிய சரக்கு விமானம். ஒற்றை விமானி, அவசர அலைவரிசையைக் கேட்கும் தன் இரண்டாவது ரேடியோ பழுது என்று வரும்போதே சொல்லியிருந்தார். மற்றது பயணிகள் விமானம். இங்கே பேசுகிறவர்கள் இரண்டு பேர். ஆக, மாமனார் கதை ஓடுவது பெரியதில்தான். அவசர அலைவரிசையில் வெட்டிப்பேச்சு அதிகம் என்று சிலர் அதன் ஒலியைக் குறைத்து வைப்பதுண்டு. இவர்களும் அதைத்தான் செய்திருக்க வேண்டும்.

அவர்கள் கம்பெனிக்கு போன் போட்டேன். விமானத்துக்கு எழுத்தில் செய்தி அனுப்ப அவர்களால் முடியும். எடுத்தவர், எங்கள் ஆட்கள் அப்படிச் செய்யமாட்டார்கள், எதற்கும் மேலே கேட்டுச் சொல்கிறேன் என்று இழுத்தார். போனை ஸ்பீக்கர் பக்கம் பிடித்தேன். மாமனார் பல்செட்டைத் தொலைத்த கதை ஓடிக்கொண்டிருந்தது.

"அடக் கடவுளே, நம்ம கேப்டன்" என்றார்.

"அனுப்புங்க சார். நாலு நிமிஷம்கூட இல்ல."

பல்செட் கிடைப்பதற்குள் அந்த விமானத்தில் செய்தி வந்ததற்கான மணி ஒலித்தது. பேச்சு நின்றது. டக்கென்று அலைவரிசை திறந்தது. யாரும் வாய் திறக்கும் முன் முந்திக்கொண்டேன். பெரியதைக் கீழே இறங்கச் சொல்லி, சிறியதை வலப்பக்கம் திருப்பினேன்.

இறங்குவதாகச் சொன்ன கேப்டன் சற்றுத் தயங்கினார். "எல்லாருக்கும் கேட்டுச்சா மேடம்?"

"கேட்டுச்சு. மொதல்ல எறங்குங்க, அப்புறம் வெக்கப்படலாம்."

பின்னால் நின்ற மேற்பார்வையாளர் என் தோளைத் தட்டினார். வேறு ஆள் உட்காரட்டும், போய்த் தண்ணீர் குடி என்றார்.

"ரெண்டும் தாண்டட்டும் சார். நானே பாத்துடறேன்."

புள்ளிகள் நெருங்கின. பெரியதன் உயரம் நூறு நூறு அடியாகக் குறைந்தது. ஆயிரம் அடி இடைவெளி விழுந்த பிறகு ஒன்று மற்றதைக் கடந்துபோனது. அப்புறம்தான் எழுந்தேன்.