செல்லப்பனின் தூக்குவாளி

சுண்ணாம்புக்கல் லாரிக்கு லோடு ஏற்றப் போயிருந்த காத்தாயி திரும்பி வருவதற்காக இராமலிங்கம் அவள் வீட்டு வாசலில் குத்துக்காலிட்டுக் காத்திருந்தான். சட்டைப்பையில் பழுப்பு உறை. அவள் புருஷனுக்கு வைத்தியச் செலவு கேட்டு மனு எழுதியவன் அவன்தான். அவனுடைய விலாசத்தையே கொடுத்திருந்ததால் பதில் அவனுக்கு வந்திருந்தது. இங்கிலீஷ் கடிதம். கீழப்பழுவூர் போஸ்ட்மாஸ்டர் இரண்டு தடவை பொருள் சொல்லியிருந்தார்.

உள்ளே கயிற்றுக் கட்டிலில் காத்தாயியின் புருஷன் செல்லப்பன் படுத்திருந்தான். ஈறில் கசியும் ரத்தத்தைத் துடைக்கத் தலைமாட்டில் ஒரு பழந்துணி. எண்பத்து நாலில் கடலோரத்து அணுமின் நிலையத்துக்கு இராமலிங்கம் மேஸ்திரியாகக் கூட்டிப்போன இருபத்திரண்டு பேரில் அவனும் ஒருவன். திரும்பி வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது.

காத்தாயி வந்தாள். தலைமுடியெல்லாம் வெள்ளைத் தூசி.

"வந்துடுச்சாண்ணே? மூஞ்சியப் பாத்தா எழவுத் தந்தி வந்தாப்ல இருக்கு. படி."

இராமலிங்கம் கடிதத்தைப் பிரித்தான்.

"செல்லப்பன் பேட்ஜுல மொத ரெண்டு மாசம் அளவு கொஞ்சம்தானாம், மிச்ச ஒம்பது மாசமும் பூஜ்யமாம். கதிரு ஒடம்புல அளவுக்கு மேல படவேயில்லையாம். இந்தச் சீக்குக்கும் அவங்களுக்கும் சம்பந்தமில்லங்குறான். வைத்தியச் செலவு குடுக்க மாட்டாங்களாம்."

"தஞ்சாவூர் டாக்டரு ரத்தத்தப் பாத்துட்டு மொதல்ல கேட்டதே எங்க வேல பாத்தேன்னுதானே?"

கடிதத்தில் இன்னும் ஒரு வரி இருந்தது. பேட்ஜ் சரியாக அணியப்படவில்லை என்று கூட வேலை பார்த்தவர் யாராவது பதினைந்து நாளுக்குள் எழுதிக் கொடுத்தால் மறுபடி விசாரிக்கலாம். அதைச் சொல்லாமலே இராமலிங்கம் தாளை மடித்தான்.

அந்த அணுமின் நிலையத்தில் அவர்களுக்கு உலைப் பக்கத்துக் குழாய்களைத் துடைக்கும் வேலை. ஓர் ஆள் பத்து நிமிஷத்துக்கு மேல் உள்ளே நிற்கக் கூடாது. முதல் நாள் இன்ஜினியர் சிவசுப்பிரமணியன் எல்லோரையும் நிற்க வைத்துப் பேசினார். "கரி வடக்கேருந்து கப்பல்ல வரணும். மழை இல்லேன்னா மேட்டூர்ல கரண்டு இல்ல. நாட்டுக்கு இனிமே அணுதான் வழி. இது ஒரு நாள் நின்னா எத்தன ஊரு இருட்டாயிடும் தெரியுமா?"

"எங்க தெருவுக்கு இன்னும் கம்பமே நடல சார். எங்களுக்கு ஒண்ணும் வித்தியாசம் தெரியாது" என்றான் செல்லப்பன். இன்ஜினியர்கூடச் சிரித்துவிட்டார்.

சட்டையில் குத்திக்கொள்ள ஆளுக்கு ஒரு பேட்ஜ் கொடுத்தார்கள். உடம்பில் பட்ட கதிரை அது காட்டும். அளவு ஏறியவனுக்கு மூன்று மாதம் வேலை கிடையாது. இரண்டாவது மாதமே ஆறு பேர் ஊருக்குத் திரும்பினார்கள். ஊரில் மழை பொய்த்த வருஷம். மீதிப் பேரை இராமலிங்கம் கூப்பிட்டு, "உள்ள போறப்ப பேட்ஜக் கழட்டி வச்சுட்டுப் போங்கடா" என்றான். வைப்பதற்குச் செல்லப்பனின் தூக்குவாளிதான் வாகாக இருந்தது. காலையில் அவன் கஞ்சி குடித்ததும் அது காலி. மூடியும் இறுக்கம். கொட்டகையில் மற்ற வாளிகளோடு தொங்கும். யாரும் திறந்து பார்க்கமாட்டார்கள். அதற்குப் பிறகு அளவு ஏறியதென்று ஒருவரும் ஊருக்குத் திரும்பவில்லை. செல்லப்பன் ஒரே நாளில் மூன்று தடவைகூட உள்ளே போய் வந்தான்.

"அந்த பேட்ஜு பழுதா இருந்திருக்கும்ண்ணே" என்றாள் காத்தாயி. "நீதான கூடவே இருந்த. நீ ஒரு வார்த்த எழுதிக் குடேன்."

இராமலிங்கத்தின் பையில் இன்னொரு தாளும் இருந்தது. திங்கட்கிழமை அதே நிலையத்துக்குக் கிளம்பும் பதினெட்டுப் பேரின் பெயர்கள். அதில் ஏழாவது பெயர் காத்தாயியின் தம்பி நல்லதம்பி. எழுதிக் கொடுத்தால் அந்தத் தாள் செல்லாது. அவனுடைய மேஸ்திரி வேலையும்தான்.

"அது வந்து... தங்கச்சி..."

"பேட்ஜெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு" என்று கட்டிலிலிருந்து குரல் வந்தது. செல்லப்பன் இந்தப் பக்கம் திரும்பவில்லை. "சட்டையிலதான் குத்தியிருந்தேன். அவரப் போட்டு ஏன் அரிக்கிற? போயி ஒலைய வை."

காத்தாயி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். இராமலிங்கம் எழுந்தான். கட்டிலருகே போய்ச் சற்று நின்றான்.

"செல்லப்பா..."

"நல்லதம்பி பேர விட்டுறாத மச்சான். அவனுக்கும் ரெண்டு புள்ளைவோ இருக்கு."

திங்கட்கிழமை காலை அரியலூர் பஸ் ஸ்டாண்டில் பதினேழு பேர் வந்து சேர்ந்திருந்தார்கள். நல்லதம்பி கடைசியாக ஓடி வந்தான். ஒரு கையில் இலைப் பொட்டலம். மறு கையில் தூக்குவாளி. வாளியை நன்றாகச் சாம்பல் போட்டுத் தேய்த்திருந்தார்கள்.

"அக்கா இதுலதான் சோறு போட்டு வச்சிருந்துச்சு மேஸ்திரி. மாமா அதத் தனியா எலையில கட்டச் சொல்லிட்டாரு. இதக் காலியாத்தான் கொண்டுபோவணுமாம். உங்ககிட்ட குடுக்கச் சொன்னாரு."

"எதுக்குன்னு சொன்னானா?"

"சொல்லல. மூடி இன்னும் இறுக்கமாத்தான் இருக்கு, மேஸ்திரிக்குத் தெரியும்னாரு."

கண்டக்டர் விசில் கொடுத்தார். இராமலிங்கம் வாளியை வாங்கிக்கொண்டு ஏறினான். மூடியைத் திறக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. உள்ளே கழுவிய ஈரம் இன்னும் காயவில்லை.