கங்கம்மாவுக்கு ஒரு மார்க் அதிகம்

1

இந்தக் கதை ஒரு பொய்யில் பிறந்தது. செவ்வாப்பேட்டையில் ரயிலேறும் இராமலிங்கம் என்பவர், நான் என்ன செய்கிறேன் என்று ஒருநாள் கேட்டார். ஆவடியில் குமாஸ்தா என்று சொல்ல வெட்கமாக இருந்தது. நர்ஸ் பள்ளியில் சேரப் போராடும் ஒரு பெண்ணைப் பற்றிக் கதை எழுதுகிறேன் என்று அளந்துவிட்டேன். மறுநாளிலிருந்து அவர் எனக்கு வணக்கம்கூடச் சொல்வதில்லை. "இன்னா சார், அந்தப் பொண்ணுக்கு சீட்டு கெட்ச்சுதா?" என்றுதான் ஆரம்பிக்கிறார். இரண்டு முறை பெட்டி மாறிப் பார்த்தேன். தேடி வந்துவிடுகிறார்.

2

முதல் ஆரம்பம்: "1968 ஜூன் மாதம், பழவேற்காடு ஏரியின்மீது சூரியன் தன் பொற்கதிர்களை..." (வேண்டாம். சூரியன் எந்தப் பள்ளிக்கும் விண்ணப்பிக்கவில்லை.)

இரண்டாவது: "கங்கம்மாவின் அம்மா காய்ச்சலில் கிடந்தபோது..." நர்ஸாக ஆசைப்படும் பெண் என்றால் நம் கை தானாக அவள் அம்மாவைக் கொல்லப் போகிறது. அந்த அம்மா, முத்தம்மா, நன்றாகத்தான் இருக்கிறாள். விட்டுவிட்டேன்.

உண்மையான காரணம் சிறியது. அந்த ஊர்ப் பெண்கள் ஏரித் தண்ணீரில் உட்கார்ந்து, கையால் துழாவி இறால் பிடிப்பார்கள். விவரம் தெரிந்த நாளிலிருந்து கங்கம்மாவுக்குக் கால் காய்ந்ததில்லை. ஒருமுறை ஆஸ்பத்திரியில் வெள்ளை ஷூ போட்ட நர்ஸைப் பார்த்தாள். சாயங்காலம்வரை அந்த ஷூ நனையவே இல்லை. அதற்காகத்தான். இதைவிடப் பெரிய காரணம் ஒன்று எனக்குத் தேவைப்பட்டது. அவள் தரவில்லை.

3

பரீட்சையில் அவளுடைய சராசரி முப்பத்தெட்டு. திருவள்ளூர் நர்ஸ் பள்ளி கேட்டது நாற்பத்தைந்து. மொத்தம் இருபது இடம். (பள்ளியைத் தேடிப் போகாதீர்கள், நானே கட்டியது.)

அவள் அப்பா சுப்பராயன் அவளையும் கூட்டிக்கொண்டு நேரே மேட்ரன் விக்டோரியாவின் அறைக்குப் போனார். அவர்கள் ஊரில் ஏரியின் நல்ல இடங்களில் வலை போடுவது முறைப்படிதான். இன்று ஒரு குடும்பம் இறங்கினால் நாளை வேறு குடும்பம். எவ்வளவு கெட்டிக்காரனானாலும் அடுத்தவன் நாளில் கரையில் உட்கார வேண்டியதுதான். உலகம் முழுக்க இப்படித்தான் நடக்கிறது என்று சுப்பராயன் நம்பினார்.

"போன வருசமும் மார்க்கு வாங்கனவங்கதான் பூந்தாங்க. இந்த வருசமும் அவங்களே எறங்குனா இன்னாம்மா நாயம்? இது எங்க முறை."

மேட்ரன் சிரித்திருக்க வேண்டும். அப்படித்தான் எழுதினேன். ஆனால் அந்த அம்மாள் யோசித்தாள். அடித்துவிட்டு மறுபடி எழுதினேன், மறுபடியும் யோசித்தாள். கடைசியில், அவர் சொல்வது நியாயம்தான் என்று, பட்டியலைக் கீழிருந்து படிக்கச் சொல்லிவிட்டாள்.

4

பன்னிரண்டு, பதினான்கு, பத்தொன்பது என்று படித்துக்கொண்டே போனார்கள். (பன்னிரண்டு வாங்கியவள் எந்தத் தைரியத்தில் விண்ணப்பித்தாள் என்று என்னைக் கேட்காதீர்கள். பொதட்டூர்பேட்டைப் பெண். மகள் முதலாவதாக வந்துவிட்டாள் என்று அவள் அப்பா எல்லாருக்கும் மிட்டாய் கொடுத்தார்.) இருபதாவது இடம் முப்பத்தேழில் முடிந்துவிட்டது. கங்கம்மாவுக்கு ஒரு மார்க் அதிகம்.

சுப்பராயன் சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தேன். முறை கேட்டு வந்த மனுஷன், முறையை எப்படி மீறுவார்? பையை எடுத்துக்கொண்டு, "வா கண்ணு, ஊட்டுக்குப் போலாம்" என்றார். அவர்மேல் எனக்குக் கோபம் வந்தது. இப்போதும் இருக்கிறது.

கங்கம்மா பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை.

"நீ போ நைனா. மேடம், சரித்திரத்துல எனக்கு அம்பது போட்டாங்க. அது பக்கத்துல இருந்தவளப் பாத்துக்கினு எழுதுனது. கழிச்சுடுங்க."

கழித்தால் சராசரி முப்பதுக்குக் கீழே வந்துவிடும், இடம் அவளுக்குத்தான். ஆனால் காப்பி அடித்தவளைச் சேர்க்கக் கூடாது என்று விண்ணப்பத்தின் பின்பக்கத்தில் அச்சடித்திருக்கிறது. மேட்ரன் பேனாவின் மூடியைக் கழற்றினாள்.

5

முடிவு அ: மேட்ரன் அந்த ஐம்பதை

முடிவு ஆ: மேட்ரன் விண்ணப்பத்தை இரண்டாக

ஒன்றை நானே நம்பமாட்டேன். இன்னொன்றை எழுத மனசு வரவில்லை. ஆறு நாளாக இந்தக் கதையில் நான் ஒருவனே இறங்கிக்கொண்டிருக்கிறேன், சுப்பராயன் கேட்டால் நியாயமில்லை என்பார். இன்று உங்கள் முறை. நான் கரையில் உட்கார்ந்துகொள்கிறேன்.

நாளைக் காலை எட்டேகாலுக்கு இராமலிங்கம் ரயிலில் இருப்பார், நடுப்பெட்டி. கேட்டால் நீங்களே சொல்லிவிடுங்கள். யோசித்துச் சொல்லுங்கள், ஆனால் ரொம்ப நேரம் எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்தப் பெண் இன்னும் பெஞ்சில்தான் இருக்கிறாள். காலையிலிருந்து அவள் கால் காய்ந்திருக்கிறது.