பின்சீட்டுக் கண்ணாடி

வண்டியைப் பார்த்தவுடனேயே தம்பிக்குப் பிடித்துப்போய்விட்டது. வெள்ளை நிறச் சின்ன எஸ்.யு.வி. பெயின்ட் எங்கும் நிறம் மாறவில்லை, நாலு டயரும் ஒரே கம்பெனி, ஆயில் தேன் மாதிரி இருந்தது. அவனுக்குத் தெரிந்த மெக்கானிக் முந்தின நாளே வந்து இன்ஜினைக் காது வைத்துக் கேட்டுவிட்டுத் தலையாட்டியிருந்தான்.

"கண்ண மூடிக்கிட்டு எடுக்கலாம்க்கா. அத்தானுக்கு ஏறி இறங்கவும் வசதி."

அக்காவுக்குக் கண்ணை மூடிக்கொண்டு எதையும் எடுத்துப் பழக்கமில்லை. கணவனுக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டாயிற்று. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். ஆஸ்பத்திரி ஊரின் மறு கோடியில். போகும்போதாவது மனிதன் பேசிக்கொண்டு வருவான். திரும்பும்போது பிழிந்த துணிதான். வழியில் நிற்காத வண்டி வேண்டும். இன்றைக்கு மட்டுமல்ல, இன்னும் பல வருஷத்துக்கு. அவள் கேட்டது அவ்வளவுதான்.

பானெட்டைத் தொட்டுப் பார்த்தாள். சூடாக இருந்தது.

"காலைலயே ஸ்டார்ட் பண்ணிட்டீங்களா சார்?"

"சும்மா, துடைக்கறதுக்கு வெளிய எடுத்தேங்க," என்றார் வண்டிக்காரர். வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும். சட்டை மடிப்பு கலையாமல் இருந்தது. முகத்தில்தான் பல நாள் தூக்கம் பாக்கி.

உள்ளே வாசனைத் திரவியம் மூக்கைத் துளைத்தது. டிரைவர் சீட் பெல்ட்டை இழுத்தாள். வழக்கமாக யாரும் இழுக்காத கடைசி முழம்வரை இழுத்தாள். அந்த முழம் மட்டும் விறைப்பாக, பழுப்பாக வந்தது.

"டீ கொட்டிருக்கும்க்கா," என்றான் தம்பி.

"பெல்ட்டோட அடியில போய் யாருடா டீ குடிக்கறது?"

"சரி, ஒரு ரவுண்டு ஓட்டிப் பாரு. உனக்குப் பதில் கெடைச்சுடும்."

வண்டிக்காரர் பின்சீட்டில் ஏறிக்கொண்டார். பூங்காவைச் சுற்றி வந்தால் போதும் என்றார். அவள் பிரதான சாலைக்குத் திருப்பினாள். வண்டி வெண்ணெயாக ஓடியது. கியர் உறுத்தவில்லை, பிரேக் பிடித்த இடத்தில் நின்றது. தம்பி ஜெயித்த முகத்தோடு அவளைப் பார்த்தான்.

"சார், ஏசி போட்டிருக்கு. கண்ணாடிய ஏத்திக்கோங்களேன்."

"பரவால்லங்க. காத்து வரட்டும்."

வெளியே லாரிப் புகையும் உச்சி வெயிலும். எந்தக் காற்றைச் சொல்கிறார்? அவள் ரியர் வியூ கண்ணாடியில் அவரைப் பார்த்தாள். அவர் சீட்டில் சாயவில்லை. ஒரு கை ஜன்னலுக்கு வெளியே கதவைப் பற்றிக்கொண்டிருந்தது. மூச்சு மேலோட்டமாக, விட்டு விட்டு வந்தது. லிஃப்ட் கம்பெனியில் புகார் போன் எடுப்பது அவள் வேலை. நடுமாடியில் மாட்டிக்கொண்டவர்கள் பேசத் தொடங்கும் முன் இப்படித்தான் மூச்சு விடுவார்கள்.

"போதுங்க, திரும்பிடலாமே," என்றார் அவர்.

"மேம்பாலம் ஏறிட்டுத் திரும்பறேன் சார்."

பாலத்தின் ஏற்றத்தில் நெரிசல். ஊர்ந்து ஊர்ந்து இன்ஜின் நன்றாகச் சூடான நேரத்தில், ஒரு துளி மழை இல்லாத வெயிலில், வைப்பர் தானாக ஆடத் தொடங்கியது. தம்பி சிரித்தான். அடுத்து டாஷ்போர்டு விளக்குகள் அத்தனையும் சிவந்தன. கதவுகள் நான்கும் 'டக்' என்று பூட்டிக்கொண்டன. இன்ஜின் அடங்கியது.

அவள் திரும்பிப் பார்ப்பதற்குள் வண்டிக்காரர் தலையையும் தோளையும் ஜன்னலுக்கு வெளியே நுழைத்துவிட்டார். மடிப்புக் கலையாத சட்டை கிழிந்தது. ரோட்டில் விழுந்து, எழுந்து, தடுப்புச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார். இவர்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

தம்பி பூட்டுக் குமிழை நகம் பிய்யத் தூக்கினான். அசையவில்லை. கண்ணாடியும் இறங்கவில்லை. பின்னால் லாரி ஹாரன் அடித்தது. உள்ளே அனல் ஏறியது. "அக்கா... அக்கா..." என்றான், சின்ன வயசில் இருட்டில் கூப்பிட்ட அதே குரலில்.

"பின்னாடி போ. அந்த ஜன்னல் வழியா. போடா!"

அவனுக்குப் பின் அவளும் சீட்டுகளுக்கு நடுவே நுழைந்து, முழங்கை தேய, ரோட்டில் இறங்கினாள். டயாலிசிஸ் முடிந்து கையில் கட்டோடு சாய்ந்து கிடக்கும் மனிதன் அந்த ஜன்னல் வழியாக எப்படி வருவான் என்று நினைத்ததும்தான் கோபம் வந்தது.

"பெல்ட்டுல இருந்தது சேத்துக் கறைதானே? தண்ணில மூழ்கின வண்டிதானே சார்?"

அவர் தரையைப் பார்த்தே பேசினார். "சுரங்கப்பாதைல. மழை அன்னிக்கு. கதவு தெறக்கல. தண்ணி கழுத்து வரைக்கும் வந்துடுச்சு. யாரோ கண்ணாடிய உடைச்சாங்க."

"தெரிஞ்சும் எங்க தலைல கட்டப் பாத்தீங்களா?"

"எல்லாத்தையும் மாத்திட்டேம்மா. சரியாயிடுச்சுன்னுதான் நெனச்சேன்."

"நெனச்சிருந்தா கண்ணாடிய ஏத்திருப்பீங்க."

இந்த வண்டியை யாருக்கும் விற்கக் கூடாது, உடைக்கத்தான் போட வேண்டும் என்றாள். தலையாட்டினார். அழுதார்கூட. அவளுக்குப் பாவமாகவும் இருந்தது, அறையலாம் போலவும் இருந்தது.

பிறகு அவர்கள் பழைய, அடிபட்ட, ஆனால் எதையும் மறைக்காத ஒரு காரை வாங்கினார்கள். மனம் கேட்காமல் ஒரு நாள் அவருக்குப் போன் செய்தாள்.

"வித்தாச்சுங்க."

"யாருக்கு? விஷயத்தச் சொன்னீங்களா?"

இணைப்பு துண்டிக்கப்பட்டது. மறுபடி எடுக்கவே இல்லை. வண்டிப் பதிவு அலுவலகத்தில் கேட்டாள். உரிமையாளர் விவரம் தர முடியாது என்று அனுப்பிவிட்டார்கள்.

மழைக்காலம் தொடங்கிய ஒரு காலை, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், சிக்னலில் பக்கத்து வரிசையில் அது நின்றது. அதே எண். ஒரு பெண் ஓட்டினாள். பின்னால் இரண்டு குழந்தைகள். கண்ணாடிகள் முழுக்க ஏற்றியிருந்தன.

இவள் ஹாரன் அடித்தாள். கையை ஆட்டினாள். "இறங்குங்க! அந்த வண்டி வேணாம்!" என்று கத்தினாள். அந்தப் பெண் முகம் சுளித்து, என்ன என்பதுபோல் கையை விரித்தாள்.

"யாரு அது? தெரிஞ்சவங்களா?" என்றான் கணவன்.

பச்சை விழுந்தது. வெள்ளை வண்டி இடப்பக்கம், மேம்பாலச் சாலையில் திரும்பியது. இவள் நேரே போக வேண்டும்.

இவளும் ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்தாள்.