மழைமானிக்கு ஒரு குடை

1

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா, ஒரு கதை வைத்திருக்கிறேன். நானே கற்பனை செய்தது என்று பெருமையடிக்க ஆசைதான். ஆனால் மாதாகோவில் கூடத்தில் கஞ்சிக்கு வரிசையில் நின்றபோது எங்கள் ஊர்ப் பைலி வாயால் கேட்டது. இடுக்கி மலையில், ஓடைக்கு மேலே பன்னிரண்டு வீடு. மூன்றாவது என்னுடையது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "யானை ஒன்று மழைமானியை மிதித்து..." (யானை வரவே இல்லை. அடித்துவிட்டேன்.) அப்புறம்: "பைலி என்றொரு முட்டாள் இருந்தான்..." (அதையும் அடித்துவிட்டேன். ஏன் என்று போகப்போகத் தெரியும்.)

2

எங்களில் ஒருத்தியான ரோசம்மா தினமும் காலை எட்டரைக்கு மழைமானியில் விழுந்த மழையை அளப்பாள். ஒரே நாளில் நூற்றைம்பது மில்லிமீட்டரைத் தாண்டினால் பன்னிரண்டு வீடும் பாயைச் சுருட்டிக்கொண்டு கோவில் கூடத்துக்கு ஏறவேண்டும், அதுதான் எங்கள் ஏற்பாடு. போன வருஷம் அப்படி ஏறியதால்தான், பைலியின் வீட்டை மண் மூடியபோது உள்ளே யாருமில்லை. அவர் பேத்தி கூடத்துத் தூளியில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

அதிலிருந்து மழைமானி அவருக்கு இன்னொரு பேத்தி. ஆடு உரசாமல் முள்வேலி போட்டார். எறும்பு ஏறாமல் அதன் காலில் கிரீஸ் தடவினார். சருகு விழுந்து அதன் வாயை அடைக்காமல் பலாக்கிளையை வெட்டினார். நான் சொல்லவந்த நாளுக்கு முதல் நாள் சாயங்காலம் காற்று கிளம்பியதும் ரோசம்மா வேறு, "சேட்டா, அது மேல ஒரு கண்ணு வெச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

3

விடியவிடிய மழை. எட்டரைக்கு ரோசம்மா போய்ப் பார்த்தால், மழைமானியைச் சுற்றி மூங்கில் நட்டு, மேலே பிளாஸ்டிக் பாவாடை விரித்திருந்தது. பால் கோப்பையில் மழை விழாமலிருக்க ரப்பர் மரத்துக்குக் கட்டுவோமே, அதுதான். பக்கத்தில் தொப்பலாக நனைந்து பைலி.

"ஒரு சொட்டு உள்ள விடல, ரோசம்மா."

(இங்கே சிரிக்கலாமா என்று நெடுநேரம் யோசித்தேன். நாற்பது வருஷம் ரப்பர் மரத்தைக் கீறிப் பால் வடித்தவர். கோப்பை என்றால் அதில் மழை விழக்கூடாது, அவர் கைக்குத் தெரிந்தது அவ்வளவுதான். முட்டாள் என்ற சொல்லை அடித்தது இதனால்.)

சாரலில் உள்ளே விழுந்தது நாலு மில்லிமீட்டர்தான். போன மாசம் அவள் எல்லாரையும் ஏற்றி, ஒன்றும் நடக்காமல் போய், "தூறல் விழுந்தாலே ரோசம்மாவுக்கு நம்மள மேய்க்க ஆசை வந்துடும்" என்று கேலி வாங்கியிருந்தாள். எண் இல்லாமல் இன்றைக்கு யார் அசைவார்கள்?

ரோசம்மா வாய்க்கு வந்த ஓர் எண்ணை... (வேண்டாம். அவள் பொய் சொல்லுகிறவள் இல்லை.)

அவள் முற்றத்தில் நேற்றுக் கழுவிக் கவிழ்க்காமல் விட்ட பெயிண்ட் டின் ஒன்று கிடந்தது. அதற்குள் அடிக்கோலை விட்டாள். பதினேழு சென்டிமீட்டர், அதாவது நூற்றெழுபது மில்லிமீட்டர்.

4

"டின் சொல்றதுக்கெல்லாம் பாயைச் சுருட்ட முடியுமா?" என்று, அவள் வந்து சொன்னதும் முதலில் முனகியது மூன்றாவது வீடு. (ஆமாம், நான்தான்.)

தான் செய்தது என்னவென்று புரிந்ததும் பைலி சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாராம். பிறகு எழுந்து, அந்தப் பிளாஸ்டிக்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீடு வீடாக வந்தார். என் வாசலில் நின்று சொன்னது இது:

"போன வருஷம் அது எம் பேத்தியக் காப்பாத்துச்சு. அதக் காப்பாத்தறேன்னு நான் அது வாயப் பொத்திட்டேன். தப்பு என்னுது. ரோசம்மா மேல கோவப்படாம ஏறுங்க சேச்சி."

நான் அடுப்பை அணைத்தேன். பத்து மணிக்குப் பன்னிரண்டு வீடும் காலி.

5

மலை சரிந்ததா என்றுதானே கேட்கிறீர்கள்? சரிந்தது என்று ஒரு முடிவு எழுதினேன். மத்தியானம் வெயில் அடித்தது என்று இன்னொன்று. எது நடந்தது என்று எனக்குத் தெரியும், சொல்லமாட்டேன். சரிந்தது என்றால் ரோசம்மாவைத் தெய்வமாக்கிவிடுவீர்கள். சரியவில்லை என்றால் பழைய கேலிதான். எட்டரை மணிக்கு அவளுக்குத் தெரியாதது உங்களுக்கு மட்டும் எதற்கு? உங்களுக்குப் பிடித்ததை வைத்துக்கொள்ளுங்கள்.

கூடத்தில் தலை எண்ணினார்கள். நாற்பத்தேழு. ஒன்றும் குறையவில்லை. நான் நன்றி சொல்ல அது போதும்.

ஏறு என்று சொல்ல ஒரு குரலும், கேட்டதும் ஏறக் கால்களும் உங்கள் வீட்டில் என்றும் இருக்கட்டும். உங்கள் பிள்ளைகள் நனையாமல் தூங்கட்டும்.