இருபத்திரண்டு எம்.பி. ஆராதனை

அந்த விளையாட்டில் நாம் ஒரு தபால்காரர். பனி மூடிய துறைமுக ஊர் ஒன்றில் வீடு வீடாகப் போய்க் கடிதம் கொடுக்க வேண்டும். கொடுப்பதற்கு முன் பிரித்துப் படிப்பதும் படிக்காததும் நம் இஷ்டம். முழு விளையாட்டையும் விலை கொடுத்து வாங்க வேண்டும். முதல் மூன்று வீடுகள் மட்டும் இலவசம். அதற்கு டெமோ என்று பெயர். ஷேக் மைதீன் கடையில் ஓர் ஆங்கிலப் பத்திரிகையில் அதன் அரைப்பக்கப் படத்தைப் பார்த்த நாளிலிருந்து, அந்த மூன்று வீட்டுக் கதவுகளையும் தட்டாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

இது நடந்தது தொண்ணூற்றொன்பதில். திருநெல்வேலியில் டெமோ கிடைக்க அப்போது மூன்று வழிகள்.

முதல் வழி ஷேக் மைதீன். மேலப்பாளையத்தில் கேசட் கடை வைத்திருந்தார். துபாயில் இருக்கும் அவர் மச்சான், பத்திரிகையோடு ஓசியாக வரும் சிடிக்களைச் சேர்த்துவைத்து லீவில் வரும்போது கொண்டுவருவார். அதை நம்பலாம், காசும் கேட்க மாட்டார். ஆனால் மச்சானுக்கு லீவு கிடைக்க வேண்டும். "வந்துருவாரு தங்கச்சி, பெருநாளைக்கு வந்துருவாரு" என்பார் ஷேக் மைதீன். எந்தப் பெருநாள் என்று சொல்ல மாட்டார்.

இரண்டாவது வழி ஜங்ஷனில் ஒரு கடை. எத்தனை பிளாப்பி ஆனாலும் கேட்ட கையோடு ஏற்றித் தருவார்கள். அப்படி ஒரு பிளாப்பியைத்தான் நான் போன வருடம் கெசியாவிடம் கொடுத்தேன். மறுநாள் அவளுடைய கம்ப்யூட்டர் சென்டரில் மூன்று திரைகளிலும் எழுத்துகள் ஒவ்வொன்றாகக் கழன்று, புளிய இலை உதிர்வதுபோல அடியில் போய் விழுந்தன.

கெசியா என்னோடு பள்ளியில் படித்தவள். பாளையங்கோட்டையில் தேவசிகாமணி சார் நடத்திய சென்டரில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள். சார் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். உதிர்ந்த எழுத்துகளைப் பார்த்துவிட்டு அவர் ஒன்றுதான் சொன்னார்: "இனிமே விளையாட்டு அது இதுன்னு இங்கன ஏதாச்சும் நொழஞ்சா, அது உள்ள வரும்போது நீ வெளிய போயிரணும்."

வெளியே போனால் அவளுக்கு வள்ளியூர். வேலையில் இருக்கும்வரை கல்யாணப் பேச்சு எடுக்க மாட்டேன் என்று அவள் அப்பா வாக்குக் கொடுத்திருந்தார். வள்ளியூரில் ஒரு மாப்பிள்ளை அந்த வாக்கு முடியும் நாளுக்காகக் காத்திருந்தார். பெண் பார்க்க வந்த அன்று ஒரு மணி நேரம் சிமெண்டைப் பற்றிப் பேசியவர்.

ஆகவே மூன்றாவது வழி. சென்டருக்கு இன்டர்நெட் வந்திருந்தது. விளையாட்டைச் செய்த கம்பெனியின் சொந்தப் பக்கத்தில் இருந்தே இறக்கலாம். வைரஸ் பயம் இல்லை. இருபத்திரண்டு எம்.பி. சென்டரில் இருந்த வேகத்துக்கு மூன்று மணி நேரம். மாடியில் சாருடைய வீட்டுக்கும் அதே டெலிபோன் லைன்தான். இடையில் அங்கே யாராவது ரிசீவரை எடுத்தால் எல்லாம் போய், முதலில் இருந்து தொடங்க வேண்டும்.

"ஞாயித்துக்கெழம" என்றேன். "எல்லாரும் கோயிலுக்குப் போயிருவாங்கள்லா."

"எட்டரைக்குப் போனா பத்தரைக்கு வந்துருவாங்க ட்டி. ரெண்டு மணி நேரம்தான்."

"இந்த வாரம் யாரு பிரசங்கம்?"

கெசியா யோசித்தாள். அவள் முகம் மலர்ந்தது. "நாசரேத்து கிருபைராஜ் போதகர்."

கிருபைராஜ் போதகர் ஒன்றரை மணி நேரத்துக்குக் குறைந்து பேசியதாக யாருக்கும் நினைவில்லை. முந்தைய வருடம் அவர் வந்தபோது, அடுப்பை அணைக்காமல் வந்த இரண்டு பேர் பாதியில் எழுந்து ஓடினார்கள்.

திட்டம் சுலபமாக இருந்தது. கெசியா விடியற்காலை ஆராதனைக்குப் போய்விட்டு, திங்கட்கிழமைப் பாடம் தயாரிப்பதாகச் சொல்லி சென்டரில் உட்காருவாள். நான் எட்டரை மணி ஆராதனைக்குப் போய் சாரைக் கண்காணிப்பேன். நான் வண்ணார்பேட்டைப் பெண், வீட்டில் சனிக்கிழமை விரதம் எல்லாம் உண்டு. ஆனால் மிஷன் பள்ளியில் பன்னிரண்டு வருடம் படித்ததால் எந்தப் பாட்டுக்கு எழுந்து நிற்க வேண்டும், எதற்கு உட்கார வேண்டும் என்பது அத்துபடி.

எட்டேகாலுக்குத் தொடங்கிவிட்டோம். நான் கோயிலில் பெண்கள் பக்கம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். ஆண்கள் பக்கம் முன்வரிசையில் தேவசிகாமணி சார், மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில். பாட்டு, வாசகம், மறுபடி பாட்டு. ஒன்பதரைக்கு கிருபைராஜ் போதகர் மேடை ஏறினார். தொண்டையைத் தொட்டுக் காட்டினார். சளி என்று கிசுகிசுத்த குரலில் சொன்னார். கர்த்தர் உங்களை நேசிக்கிறார், அதை மறக்காமல் இருந்தால் போதும் என்றார். பத்தே நிமிடத்தில் இறங்கிவிட்டார்.

மணி ஒன்பது நாற்பது. சென்டரில் பாதிகூட இறங்கியிருக்காது.

பின்வாசல் பக்கம் ஒரு மேஜையில் ஜெபக் குறிப்புச் சீட்டுகள் இருக்கும். பேர் போட வேண்டாம். குறையை எழுதிப் பெட்டியில் போட்டால், ஐயர் ஒவ்வொன்றாக வாசித்து ஒவ்வொன்றுக்கும் தனியாக ஜெபம் செய்வார். பாதிரியாரை இந்தப் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் ஐயர் என்றுதான் சொல்வார்கள். வழக்கமாக ஐந்தாறு சீட்டு வரும்: பரீட்சை, முழங்கால் வலி, வெளிநாட்டு விசா.

அடுத்த பாட்டுக்கு ஏழு சரணம். அது முடிவதற்குள் பதினேழு சீட்டு எழுதினேன். பரீட்சையும் முழங்காலும் நாலோடு தீர்ந்துவிட்டன. பிறகு நூலகத்தில் படித்துத் தீர்த்த அத்தனை மொழிபெயர்ப்பு நாவல்களும் கையில் வந்து உட்கார்ந்தது. மணியடிக்கும் ஞானையா தாத்தா பெட்டியை எடுக்க வந்து, நான் எழுதி முடிக்கும்வரை பக்கத்தில் நின்றார். "நெறைய பாரம் போலருக்கு தாயி" என்றார்.

ஐயர் வாசிக்கத் தொடங்கினார்.

"பத்தொன்பது வருடமாக எங்கள் உயில் வழக்கு நடக்கிறது. சாட்சி சொல்ல வருகிறவர்கள் எல்லாம் இறந்துவிடுகிறார்கள். கடைசி சாட்சிக்குச் சுகம் வேண்டும்." கோயிலில் ஒரு பெருமூச்சு எழுந்தது. ஐயர் கடைசி சாட்சிக்காக உருக்கமாக ஜெபித்தார்.

"இரவில் எங்கள் வீட்டைச் சுற்றி ஓநாய்கள் ஊளையிடுகின்றன." ஐயர் கொஞ்சம் தயங்கினார். எனக்கு முன்னால் இருந்த அம்மா பக்கத்து அம்மாவிடம், "கொடைக்கானல்காரங்களா இருக்கும்" என்றாள்.

பன்னிரண்டாவது சீட்டு இது: "ரயில் நிற்காத ஸ்டேஷனில் நான் ஸ்டேஷன் மாஸ்டர். தினமும் சீருடை அணிந்து, போகிற ரயிலுக்குப் பச்சைக் கொடி காட்டுகிறேன். ஒரு ரயிலாவது நிற்க ஜெபியுங்கள்."

தேவசிகாமணி சார் கைக்குட்டையை எடுத்தார்.

பதினேழும் முடியும்போது பத்தே முக்கால். வெளியே வேப்பமரத்தடியில் கூட்டம் கலையவில்லை. அது எந்த ஸ்டேஷன் என்பதுதான் பேச்சு. நாரைக்கிணறு என்றார் ஒருவர். தாதன்குளம் என்றார் இன்னொருவர். "நாரைக்கிணத்துல பாசஞ்சர் நிக்கும்வே. எனக்குத் தெரியாதா" என்றார் சார். அவர் மனைவி ஆட்டோவில் முன்னால் போய்விட்டார். சார் சைக்கிளை உருட்டிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"கெசியா பிரெண்டுதானம்மா நீ? அவ சென்டர்ல இருக்காளா? மதுரை ரயில்வே ஆபீசுக்கு உடனே ஒரு லெட்டர் அடிக்கணும். அந்த மனுசன் யாருன்னு கண்டுபிடிக்காம எனக்கு ஒறக்கம் வராது."

நான் கூடவே நடந்தேன். "சார், சிக்னல் கம்பம் சில எடத்துல ரெண்டு கை நீட்டிக்கிட்டு நிக்குதே, எதுக்கு?"

சார் நின்றார். சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டார். இரண்டு கைகளையும் நீட்டி விளக்கினார். அடுத்த முக்கில் தண்டவாளங்களுக்கு நடுவே ஏன் இடைவெளி விடுகிறார்கள் என்று கேட்டேன். அதற்கும் ஸ்டாண்டு போட்டார். பத்து நிமிட வழியை அரை மணி நேரத்தில் கடந்தோம்.

உள்ளே நுழையும்போது திரையில் நீலப் பட்டை தொண்ணூற்றாறைத் தொட்டிருந்தது. கெசியா எழுந்து நின்றாள். நின்ற இடத்தில் திரையை மறைக்கப் பார்த்தாள். ஒல்லியான பெண், ஒன்றும் மறையவில்லை.

"என்னது இது?" என்றார் சார்.

அவள் பதில் சொல்வதற்குள் மாடியில் இருந்து அவர் மனைவியின் குரல் கேட்டது. "அலோ, ஏ தங்கச்சி, கேட்டியா? எங்க கோயில்ல இன்னைக்கு ஒரு ஸ்டேஷன் மாஸ்டருக்காக ஜெபம் பண்ணுனோம். ஒரு ரயிலும் நிக்காதாம்..."

பட்டை தொண்ணூற்றேழில் நின்றது. பிறகு தொடர்பு அறுந்துவிட்டது என்று ஒரு சின்னப் பெட்டி வந்தது. கெசியா நாற்காலியில் உட்கார்ந்து அழத் தொடங்கினாள். அழுகையினூடே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்: டெமோ, எட்டேகால், வள்ளியூர், சிமெண்ட்.

சார் பொறுமையாகக் கேட்டார். "சாவிய மேசைல வச்சிட்டுப் போம்மா" என்றார்.

"சார், இவ மேல தப்பு இல்ல" என்றேன். "கேட்டது நான். இவ முடியாதுன்னுதான் சொன்னா. அந்தச் சீட்டும் நான் எழுதுனது."

"எந்தச் சீட்டு?"

"பதினேழும்."

அவர் மாணவர்கள் உட்காரும் ஸ்டூலில் மெதுவாக உட்கார்ந்தார். மாடியில் இப்போது வேறு யாருக்கோ அதே கதை நடந்துகொண்டிருந்தது.

"அப்ப அந்த மனுசன் இல்லையா?"

"இல்ல சார்."

"ஓநாய்?"

"அதுவும் இல்ல."

"அது எனக்கு அப்பமே சந்தேகம்தான்." கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். "நிக்காத வண்டிக்குப் பச்சைதான் காட்டணும். அத சரியா எழுதிருக்க. யாரு சொல்லித்தந்தா?"

"நானா எழுதுனேன் சார்."

"நான் முப்பத்தொரு வருசம் காட்டிருக்கேன்" என்றார். பிறகு குரல் மாறியது. "கோயில்ல முந்நூறு பேரு கண்ணத் தொடச்சிருக்காங்க. சாயங்காலம் வீட்டு ஜெபத்துலயும் சொல்லப் போறாங்க. இப்ப நான் போய் எல்லாம் பொய்னு சொன்னா ஐயரு மூஞ்சிய எங்க கொண்டு வைப்பாரு? இவளும் வேலைய விட்டுட்டான்னா ஏன்னு கேப்பாங்க. நான் என்னத்தச் சொல்ல?"

சாவி கெசியாவின் கையிலேயே இருந்தது.

"அடுத்த வாரம் ஸ்தோத்திரச் சீட்டு எழுது. ஜெபம் கேக்கப்பட்டதுன்னு. வண்டி நின்னுட்டு."

"சரி சார்."

"எக்ஸ்பிரஸ் வேண்டாம். நம்ப மாட்டாங்க. பாசஞ்சர் நிக்கட்டும். ரெண்டு நிமிசம்." கொஞ்சம் யோசித்தார். "ஒரு ஆளு எறங்கட்டும்."

"யாரு சார்?"

"அத நீ பாத்துக்க."

அவர் எழுந்தார். ஷேக் மைதீனிடம் கேட்டு நான் வெட்டி வந்திருந்த பத்திரிகைப் படம் மேஜையில் கிடந்தது. அதைக் கையில் எடுத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, பனியையும் வீடுகளையும் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார்.

"இதுல ரயிலு வருமா?"

எனக்குத் தெரியாது. "மூணாவது வீட்டுக்குப் பின்னால ஸ்டேஷன் இருக்கு சார்" என்றேன்.

கெசியா என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை.

"மறுபடி போட்டா எவ்வளவு நேரம் ஆகும்?" என்று சார் அவளிடம் கேட்டார்.

"மூணு மணி நேரம் சார்."

அவர் படத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். மாடிப்படியில் கால் வைத்தவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

"அப்ப அந்த மத்த பதினாறு பேருக்கும் சேத்தே எழுதிரு. பையப் பைய வாசிக்கச் சொல்லி நான் ஐயர்ட்ட சொல்லுதேன்."