அளவுக்கு அனுப்பிய களிமண்

இவர் மனைவி பள்ளிக்கூட டீச்சர். கட்டைவிரல் கோணல் என்பதால் எந்தப் பேனாவும் அவள் கையில் நிற்காது. பித்தளைப் பேனா கடைந்து தரும் வெளியூர் லேத்துக்காரர் ஒருவருக்கு எழுதினார்கள்; அவர் கை அளவு கேட்டார். களிமண்ணை அவள் பேனா பிடிப்பதுபோல் அழுத்திப் பிடித்தாள். அதைக் காயவைத்து இவர் அனுப்பினார். ஐந்து மாதம் ஓடிவிட்டது.

தபால்காரர் தெருமுனையில் தலை காட்டினாலே, “ஏங்க, என் பேனா வந்துடுச்சா?” என்பாள்.

“அந்த ஆளு பேனா செய்யறானா, பீரங்கி செய்யறானா?” என்று எரிந்து விழுவார் இவர்.

“நிதானமா செய்யட்டுங்க. ரிட்டையர் ஆகற வரைக்கும் அதுலதான் பேப்பர் திருத்தப்போறேன்.”

மாரடைப்பு அதற்கெல்லாம் அவகாசம் கொடுக்கவில்லை. அவள் போன ஒன்பதாம் நாள் பார்சல் வந்தது.

பேனா கண் கூசும்படி மின்னியது. அவள் விரல்களுக்கென்று குடைந்த பள்ளங்களில் தன் விரலை வைத்துப் பார்த்தார், வழுக்கியது.

“இப்ப வந்து யாருக்கு என்ன பிரயோசனம்?” என்று வாய்விட்டுத் திட்டிக்கொண்டே பெட்டியை மூடப்போனார். அடியில், பஞ்சுக்குள் ஏதோ தட்டுப்பட்டது. களிமண்ணையும் அந்த மனிதர் பத்திரமாகத் திருப்பி அனுப்பியிருந்தார். அதில் அவளுடைய கட்டைவிரல் ரேகை, கோணலாக, அப்படியே இருந்தது.

தன் விரலை அதன்மேல் வைக்கப்போனவர், ரேகை உதிர்ந்துவிடுமோ என்று பயந்து கையை இழுத்துக்கொண்டார்.