திருப்பித் தந்த மனை

ஜப்பான்காரன் நன்றாக இருக்கட்டும். அவன் ஊருக்கு அவன் போட்ட திட்டம் அவனுக்குச் சரியாகத்தான் இருந்திருக்கும். அதைத் தூக்கிக்கொண்டு வந்து, பாப்பிரெட்டிப்பட்டி ஓரத்தில் நாங்கள் உழுது விதைக்கிற காட்டுக்கு மாட்டிவிட்டார்களே, அவர்களைத்தான் சொல்ல வேண்டும். அடுத்தவன் சட்டையை அளவு பார்க்காமல் மாட்டினால் எங்காவது கிழியாமல் இருக்குமா?

திட்டம் இதுதான். எல்லோரும் நிலத்தைக் கொடுத்துவிட வேண்டும். அரசாங்கம் ரோடு, சாக்கடை, பூங்கா எல்லாம் போட்டுவிட்டு மிச்சத்தை மனையாக்கித் திருப்பித் தரும். நிலம் குறைந்தாலும் விலை ஏறும். என் வீட்டுக்காரர் நஞ்சப்பன் சந்தோஷமாகத் தலையாட்டினார். நானும்தான். மனை நம் காட்டிலேயே, மேட்டு மூலையோடு சேர்ந்து வரும் என்று நம்பித் தொலைத்தோம்.

மேட்டு மூலையில் என் மகள் வெண்மதி இருக்கிறாள். காய்ச்சலில் போனபோது ஐந்து வயது; ஆகிவிட்டது முப்பது வருடம். நாங்கள் செத்தவர்களைச் சொந்தக் காட்டிலேயே புதைப்போம். பெரியவர்களுக்குச் சமாதி கட்டுவோம்; குழந்தைக்குக் கட்ட மாட்டோம். ஓர் அரளிச் செடி நடுவோம், அவ்வளவுதான். அளக்க வந்தவர்கள் கிணற்றை எழுதினார்கள், தென்னையை எழுதினார்கள். அரளியை எவன் எழுதுவான்?

மனை ஓடைப் பக்கம் வந்தது. மேட்டு மூலையில் ரோடு.

பிளானிங் ஆபீசர் ஐஸ்வர்யா நல்ல பெண்தான். நான் கத்தியதையெல்லாம் நின்று கேட்டாள்.

"ஜப்பான்ல செத்தவங்கள எரிச்சு, சாம்பலை ஜாடியில வெப்பாங்கம்மா. எடம் மாறினா எடுத்துட்டுப் போயிடுவாங்க. நீங்களும் எடுத்துக்கலாங்க, திட்டத்துலயே வழி இருக்குது."

"எம்புள்ள ஜாடியிலயா இருக்கறா? மண்ணுல இருக்கறாம்மா!"

அவள் கண் கலங்கியது. கலங்கி என்ன செய்ய? மறுநாள் பொக்லைன் வந்து நின்றுவிட்டது.

டிரைவரைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு, வீட்டுக்காரர் அரளியைப் பிடுங்கி மண்வெட்டியால் தோண்டினார். நான் புதுச்சேலையை விரித்துக்கொண்டு நின்றேன். இடுப்பளவு தோண்டியும் எலும்பில்லை, துணியில்லை. வெறும் செம்மண். பிஞ்சு எலும்பு, கரைந்தே போயிருந்தது.

"அடியே வெண்மதி, எங்கடி போன?" என்று அலறினேன்.

அவர் ஒரு கூடை மண்ணை அள்ளிச் சேலையில் கொட்டினார். இன்னொரு கூடை கொட்டினார். பிறகு குழிக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார்.

"எது வரைக்கும் அள்ளட்டும், காவேரி? இதுல எது நம்ம புள்ள?"

பெற்றவள், எனக்கே தெரியவில்லை.